பாளையங்கோட்டையில் மேற்குப் பார்த்த மனை: ஏசி இல்லாமல் இருக்கிற மாதிரி கான்கிரீட் வீடு கட்ட முடியுமா?

ஐந்து சென்ட், மேற்கு வாசல், நவீனமான கான்கிரீட் வீடு, ஏசி இல்லாமல் குடும்பம் புழங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் முன்பக்க எலிவேஷனுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் பாதியைத் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடித் தளத்துக்கு, மாற்றுங்கள். இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கிறவன் என்ற முறையில், வருகிற எல்லோரிடமும் நான் முதலில் மன்றாடுவது இதைத்தான்.

திருநெல்வேலி 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். ஆவணி நடுவில் மறுபடியும் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், ‘வடக்குச் சுவரில் வெயிலே படாது’ என்ற பேச்சு நம் ஊருக்குப் பொருந்தாது. எப்படிப் பார்த்தாலும் அதிகம் வாங்குவது மேல்தளம். ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலில் ஏற்றிக்கொண்ட சூட்டை அந்திக்கு மேல்தான் அறைக்குள் இறக்கும். படுக்கப் போகும் நேரத்தில் ஃபேன் அனலாக வீசுவது அதனால்தான்.

முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ‘சுருக்கி’ என்ற காப்புப் பூச்சைப் போட்டு, அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். அதைப் பக்குவமாகச் செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடவே விடாதீர்கள். இல்லையென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டலாம். எனக்கு இதைவிடப் பிடித்தது, தளத்துக்கு மேல் போடும், பக்கங்கள் திறந்த ஷீட் கொட்டகை. தளமே நிழலில் இருந்தால் சூடு ஏற வழியில்லை. பார்வைக்கு நன்றாக இருக்காது என்பார்கள். வரைபடத்திலேயே சேர்த்துத் திட்டமிட்டால் நன்றாகவே இருக்கும்.

மேற்கு வாசலில் ஒரு சிக்கலும் இருக்கிறது, ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் வாசலுக்கே வரும். அதே வாசலில்தான் நாலு மணி வெயிலும் விழும். வெயில் சாய்ந்துவிட்ட அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேட் ஜன்னலில் ஒன்றரை அடிதான் நிழல் தரும். அதனால் முன்னால் எட்டடி ஆழத்துக்குத் தார்சா, அதாவது கூரை போட்ட தாழ்வாரம், விடுங்கள். அதன் வெளி ஓரத்தில் ஒரு பாதிக்கு ஜாலிச் சுவர் (துளைகள் விட்ட சுவர்) எழுப்பினால் வெயில் தடைபடும், காற்று நுழையும். வந்த காற்று வெளியேற கிழக்கே அடுக்களைப் பக்கம் நேர்கோட்டில் ஒரு திறப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மேற்கே எத்தனை ஜன்னல் வைத்தும் பலனில்லை. மாடிப்படியையும் குளியலறையையும் மேற்குச் சுவரை ஒட்டி வையுங்கள், படுக்கையறையை வேண்டாம்.

ஆனி, ஆடியில் தளம் போட நேர்ந்தால் அதிகாலையில் தொடங்குங்கள். அந்த வறண்ட மேல்காற்று ஈரக் கான்கிரீட்டின் மேற்பரப்பை உறிஞ்சி, அன்றைக்கே மயிர்க்கோடாக வெடிக்க வைத்துவிடும். போட்டு முடித்த கையோடு தார்ப்பாயால் மூடி, இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வையுங்கள். இப்போது பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (போர்ட்லேண்ட் போஸோலானா) என்ற கலப்புச் சிமெண்ட். அதற்கு இந்த வெயிலில் 14 நாள் நனைப்பு வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் கணக்கு. ஏழாம் நாள் தண்ணீரை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, அடித்தள உயரம். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. ஆறு தூரம்தானே என்று இருந்துவிடாதீர்கள்; ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் காலனிகளிலும் குளத்து மறுகாலோ (குளம் நிரம்பி வழியும் வாய்க்கால்) பழைய ஓடையோ இருக்கும். பத்திரம் முடிக்கும் முன் அந்தத் தெருவில் நெடுநாள் இருப்பவர்களிடம் அந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் மட்டத்துக்கு மேல் இரண்டடி ஏற்றிப் பேஸ்மென்ட் போடுங்கள்.