டர்போ காருக்கு ட்யூனிங் பாக்ஸா, ரீமேப்பா, ஸ்டாண்ட்அலோன் ஈசியுவா?

கேட்டவர் வச்சிருக்கறது போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், இதுவரை எதையும் மாத்தல, பவர் ஏத்த ட்யூனிங் பாக்ஸா, ரீமேப்பா (எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டரான ஈசியுல இருக்கற மேப்பை, அதாவது கணக்கை மாத்தி எழுதறது), ஸ்டாண்ட்அலோனா (ஈசியுவையே எடுத்துட்டு வேற போடறது), இந்த மூணுல எது எடுக்கலாம்னு கேக்கறார். நானும் கோவைல இதே வண்டிதாங்க ஓட்டறேன், பாக்ஸும் போட்டுப் பாத்தாச்சு ரீமேப்பும் பண்ணியாச்சு. உங்க வண்டிக்கு ரீமேப் தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா யார் கைல குடுக்கறீங்கன்றது ரொம்ப முக்கியம்.

பாக்ஸ் என்ன பண்ணுதுன்னா பிரஷர் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவுல உக்காந்துகிட்டு நிஜத்துல 1.8 பார் இருக்கறப்ப 1.6 தான் இருக்குன்னு பொய் சொல்லும், அதை நம்பி ஈசியு டர்போவை இன்னும் ஏத்தும். பவர் கண்டிப்பா கிடைக்கும். ஆனா இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடற நேரம்) மட்டும் 1.6க்கு எழுதின கணக்குலயே போயிட்டிருக்கும், நம்ம ஊர் வெயில்ல அது நாக்ல (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கலவை தானா வெடிக்கறது) தான் கொண்டு போய் விடும். செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்ல ஒரு மே மாசம் தம்பி பக்கத்து சீட்ல லேப்டாப்ப வச்சுகிட்டு லாக் (ஈசியு அளவுகளோட பதிவு) எடுத்தான், 3வது கியர்ல ஃபுல் த்ராட்டில் குடுத்தா ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் டைமிங் 3 டிகிரி, 4.5, 6னு பின்னாடி போயிட்டே இருக்கு, மத்த மூணும் 3ஐத் தாண்டல, அதாவது நாக் வர்றதால ஈசியு தீப்பொறியை தள்ளிப் போடுது. பிளக்கை கழட்டி பாத்தா வெள்ளை பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்பு புள்ளி, அதுவும் நாக்கோட அடையாளம் தான். அன்னைக்கே பாக்ஸை எடுத்துட்டேன்.

ரீமேப்ல பூஸ்ட் (டர்போ குடுக்கற காத்தழுத்தம்), டைமிங், பெட்ரோல் அளவு, டார்க் (எஞ்சினோட திருப்பு விசை) லிமிட் எல்லாத்தையும் சேத்து மாத்தறதால ஈசியுவுக்கு நிஜமான நிலவரம் தெரியும். நான் முதல்ல போன இடத்துல 15 நிமிஷத்துல ஒரு ரெடிமேட் ஃபைலை ஏத்திட்டாங்க, பேட்டரிக்கு சார்ஜர் கூட மாட்டல, பாதில வோல்டேஜ் விழுந்திருந்தா ஈசியுவே போயிருக்கும், என் ஒரிஜினல் ஃபைலை எடுத்து வச்சீங்களான்னு கேட்டா பதிலே இல்ல. ரெண்டாவதா போனவர் மொதல்ல ஸ்டாக்ல (கம்பெனி செட்டிங்ல) லாக் எடுத்தார், நான் எப்பவும் எந்த பெட்ரோல் போடறேன்னு கேட்டார், மூணு தடவ திருத்தி குடுத்தார். பெட்ரோல் கேள்வி சும்மா இல்லங்க, ஒரு பங்கு சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா 20 சதவீதம் எத்தனால் கலந்ததுக்கு 13.5 கிட்ட வந்துடும், அதே மாதிரி 95 ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கை எவ்ளோ தாங்கும்ன்ற அளவு) எழுதின மேப்ல அதைவிட கம்மியானதை ஊத்தினா ஈசியு டைமிங்கை இழுத்துகிட்டே தான் இருக்கும்.

கியர்பாக்ஸையும் நெனச்சுக்கோங்க. ஸ்டாக்ல 105 பிஎஸ், 175 என்எம். அந்த 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி 250 என்எம் வரைக்கும் தான் தாங்கும்னு டிசைன் பண்ணது. 1500 ஆர்பிஎம்லயே மொத்த டார்க்கையும் கொட்டற மேப் முதல் நாள் ஜாலியா இருக்கும், டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் காலி ஆயிடும். கீழ மெதுவா ஏறி நடுவுல நிறைய குடுக்கற மேப்பா கேளுங்க.

ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட் மாதிரி ஸ்டாண்ட்அலோன் எல்லாம் அருமையான சமாச்சாரம், பழைய எஞ்சின்ல டர்போ ஏத்தறவங்களுக்கும் எஞ்சின் ஸ்வாப் பண்றவங்களுக்கும் அது தான் சரி. உங்களுது டைரக்ட் இன்ஜெக்ஷன், ஹை பிரஷர் பம்ப்பையும் ஓட்டணும், டிஎஸ்ஜிக்கும் ஏபிஎஸ்க்கும் கேன் லைன்ல (வண்டில இருக்கற கம்ப்யூட்டர்கள் பேசிக்கற ஒயர்) டார்க் கணக்கும் சொல்லிட்டே இருக்கணும், அதையெல்லாம் முதல்லேர்ந்து செட் பண்றதுக்கு ஆகற காசும் நாளும் ஸ்டாக் டர்போவுக்கு தேவையே இல்ல.

வாரன்டி இருந்தா முடியற வரை பொறுங்க, மாத்தினதை சர்வீஸ் சென்டர்ல கண்டுபிடிச்சிடுவாங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க. அதுக்குள்ள புது பிளக் போட்டு ஸ்டாக்லயே ஒரு லாக் எடுத்து போடுங்க, நாலு சிலிண்டர்லயும் டைமிங் எவ்ளோ பின்னாடி போகுதுன்னு பாத்து சொல்றேன்.