அப்பச்சிக்கு சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: எங்க அப்பச்சிக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. அல்ட்ராசவுண்ட்ல வலது கிட்னி 8 செ.மீ.தான்னு வந்திருக்கு, நேரா சிடி எடுத்துடலாமா டாக்டர்?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்படாதீங்கம்மா. பெரியவங்களுக்கு கிட்னி பொதுவா 10லேர்ந்து 12 செ.மீ. நீளம் இருக்கும், வயசானா கொஞ்சம் சுருங்கும்தான், ஆனா 8ன்னா கவனிக்கணும், இடது பக்கம் எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல பாருங்க, 1.5 செ.மீ.க்கு மேல வித்தியாசம்னா ரத்தக்குழாய் அடைப்பு இருக்கான்னு டாப்ளர்ல (ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்) பார்க்கச் சொல்லுவாங்க. சிடிக்கு முன்னாடி கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் கண்டிப்பா வேணும், அதுலேர்ந்து கணக்கிடுற இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற அளவு) 30க்கு கீழ இருந்தா, படம் தெளிவாத் தெரியப் போடுற கான்ட்ராஸ்ட் ஊசி கிட்னியை இன்னும் பாதிக்கலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லிடுங்க. கல்லு பார்க்கத்தான்னா கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியே போதும். இன்னொண்ணு, மூட்டுவலிக்கு அப்பச்சி மெடிக்கல்ல தானா மாத்திரை வாங்கிப் போடுறாங்களான்னு கேளுங்க, அந்த வலி மாத்திரைகள் கிட்னியைப் பாதிக்கலாம், போட்டா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.