ஆர்ட்டிகிள்ஷிப்: பெரிய நான்கா, உள்ளூர் ஆடிட்டரா?

சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் முடித்துவிட்டு, ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு (ஆடிட்டரிடம் எடுக்கும் இரண்டு வருடப் பயிற்சி) சென்னையில் பெரிய நான்கில் (டெலாய்ட், கேபிஎம்ஜி போன்ற நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்கள்) ஒன்றா, மதுரையில் ஆடிட்டர் ஆபீஸா என்று கேட்கிறீர்கள். பின்னால் மதுரையிலேயே சொந்தமாகப் போர்டு மாட்டும் எண்ணம் என்றால் என் ஓட்டு மதுரைக்கே.

பெரிய நிறுவனத்தில் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் ஒரு பகுதிதான் கைக்கு வரும். விற்பனை என்றால், கணக்கு வருடம் முடியும் மார்ச் 31-ஐ ஒட்டிய பில்களை லாரி ரசீதோடு ஒத்துப் பார்ப்பீர்கள்; ஏப்ரல் 2-ல் கிளம்பிய சரக்கு மார்ச் விற்பனையில் ஏறியிருந்தால் அதுதான் பிடிக்க வேண்டிய தப்பு. ஆழமான வேலை, பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பக்கமே போகாமல் இரண்டு வருடமும் ஓடிவிடலாம்.

சின்ன ஆபீஸில் 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11-ல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-ல் 3பி (ஜிஎஸ்டி கட்டும் சுருக்க ரிட்டர்ன்), வரித்துறை நோட்டீஸுக்குப் பதில் எல்லாம் கைக்குப் பழகும். முதல் கிளையன்ட் கேட்கப்போவதும் இதைத்தான்.

சேரும் முன் அங்கிருக்கும் ஆர்ட்டிகிள் பசங்களிடம் தனியாக விசாரியுங்கள்: டாக்ஸ் ஆடிட் (வருமான வரிக்கான ஆடிட்) எத்தனை, கம்பெனி ஆடிட் உண்டா, வெறும் டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) என்ட்ரியா? என்ட்ரி மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். பயிற்சியைப் பதிவு செய்யும் ஃபார்ம் 103 போட்டபின் நடுவில் விலக, அதற்கான ஃபார்ம் 109-ல் அந்த ஆடிட்டரே கையெழுத்துப் போட வேண்டும்.