மெசேஜ் போதுமா, குரல் வேண்டுமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் தங்கி வேலை செய்கிறேன். ஒன்பது வயது மகள் மட்டக்களப்பில் அம்மம்மாவோடு இருக்கிறாள். பேச்சுப் போட்டி என்றால் கை சில்லிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளாம். வேலைக்கு இடையில் வட்ஸ்அப்பில் ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன். பயம் போக ஒக்சிடோசின் ஸ்பிரே உண்டு என்கிறார்களே, வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஸ்பிரே வேண்டாம், தங்கச்சி. கோல் எடுங்கள்.

பிரசவ வார்டில் நாங்கள் சேலைனில் கலந்து ஏற்றும் அதே மருந்துதான் ஒக்சிடோசின். நம் உடம்பிலும் அது ஹோர்மோனாக இருக்கிறது; மூளையில் ஹைப்போதலமஸ் என்ற பகுதி அதைச் சுரக்கிறது. ஆபத்து என்று மணியடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்கும் அது போய்ச் சேரும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்களின் மூக்கில் அதை அடித்துவிட்டுப் பயங்கரமான படங்களைக் காட்டினார்கள். அமிக்டலாவின் துடிப்புக் குறைந்திருந்தது. சரி, நல்லதுதானே என்பீர்கள். 2013இல் சுண்டெலிகளில் பார்த்தபோது, மூளையின் வேறொரு பகுதியில் இதே ஹோர்மோன் பயத்தைக் கூட்டியது. பிள்ளையின் மூக்கில் விட்டுப் பார்க்கிற சாமான் இல்லை இது.

உங்கள் மகளுக்கென்றே செய்ததுபோல ஓர் ஆய்வு இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில், 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குச் செய்யவும் வைத்தார்கள். அப்புறம் சிலரைத் தாய் வந்து அணைத்தார். சிலரோடு போனில் மட்டும் பேசினார். இரண்டு கூட்டத்திலும் ஒக்சிடோசின் ஏறியது, மன அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் இறங்கியது. 2012இல் தாயை மெசேஜ் மட்டும் எழுத வைத்தார்கள். தாயோடு பேசவே பேசாத பிள்ளைகளைப் போல, மெசேஜ் மட்டும் கிடைத்த சிறுமிகளுக்கும் கோர்ட்டிசோல் உயர்ந்தே நின்றது.

இதை வாசித்தபோது எனக்கு என் ஹொஸ்டல் நாட்கள்தான் ஞாபகம் வந்தன. காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை. முன்னால் பேசியவரின் காதுச்சூடு ஆறாத ரிசீவர். மறுமுனையில் அம்மா "சாப்பிட்டியா?" என்பார். அவ்வளவுதான், தோள் தானாக இறங்கும். பரீட்சையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போட்டியன்று அரை மணி நேரம் லீவு கேளுங்கள். மகள் மேடையை விட்டு இறங்கியதும் போனை அவள் காதில் வைக்கச் சொல்லுங்கள், மற்றக் கையை அம்மம்மா பிடித்திருக்கட்டும். பரிசு கிடைத்ததா என்று முதலில் கேட்காதீர்கள். போட்டி இல்லாத நாட்களிலும் வயிற்றுவலி வந்தால் பிள்ளைகள் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.