சுவரும் சட்டையும்: வாசகர் கேள்வி - பதில்

ஆயத்த ஆடைக் கடையோ ஹோம்ஸ்டேயோ, எது திறந்தாலும் ஒரு பக்கச் சுவரில் கிராஃபிட்டி, அதாவது தெருச் சுவரில் ஸ்ப்ரே அடித்து முறுக்கி எழுதும் பாணி, வேண்டும் என்ற ஆசை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கும் வந்துவிட்டது. அது தொடர்பாக வந்த கேள்விகளில் சில இங்கே.

கீழக்கரையில் இளைஞர்களுக்கான ரெடிமேட் கடை திறக்கிறோம். பக்கச் சுவரிலும் ஷட்டரிலும் கிராஃபிட்டி போட்டு, அதே பாணியில் கடைப் பெயரை எழுத ஆசை. பார்த்தால் கெத்தாக இருக்க வேண்டும். ஆனால் பையன்கள் கேலி செய்துவிடக் கூடாது. என்ன செய்யலாம்?
*- வாசகர், கீழக்கரை*

அந்தக் கெத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். தன் செல்லப்பெயரோடு தெரு எண்ணையும் சேர்த்து ‘டாக்கி 183’ என்று நியூயார்க் முழுக்க எழுதிவைத்த ஒரு பையனைப் பற்றி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. அவன் எதையும் விற்கவில்லை. எத்தனை இடத்தில் எழுதினான், எவ்வளவு எட்டாத இடத்தில் எழுதினான், பிடிபடாமல் எப்படி எழுதினான் என்பதைத்தான் மற்ற பையன்கள் மதித்தார்கள். கம்பெனிகளுக்கு அந்த மதிப்பு வேண்டும், அதற்குப் பின்னாலிருந்த ஆபத்து வேண்டாம். இடிப்பது அங்கேதான்.

2001இல் ஐபிஎம் நிறுவனம் லினக்ஸ் என்ற கணினி மென்பொருளுக்கான தன் விளம்பரத்துக்காக சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ நடைபாதைகளில் அமைதிச் சின்னம், இதயம், பெங்குவின் மூன்றையும் ஸ்டென்சில் வைத்து அடித்தது. தண்ணீரில் கரையும் சாக்பீஸ் கலவை என்று நினைத்தது கரையவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. 2005இல் சோனி இன்னும் ஜாக்கிரதையாக, சுவருக்குச் சொந்தக்காரர்களிடம் பணம் கொடுத்து, கம்பெனிப் பெயரே போடாமல் விளையாட்டுக் கருவியோடு சிறுவர் படங்களை வரைந்தது. சட்டப்படி சிக்கல் இல்லாத இடத்திலும் ஊர்க்காரர்கள் அதன் மேலேயே திட்டி எழுதினார்கள். விளம்பரம் என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

உங்களுக்கும் அதையே சொல்கிறோம். கடை விளம்பரத்தை விளம்பரமாகவே எழுதுங்கள், யாரோ ராத்திரியில் வந்து கிறுக்கிவிட்டுப் போனதுபோல் வேஷம் வேண்டாம். ஊரில் படகுக்கும் பெயர்ப்பலகைக்கும் எழுதும் கையைக் கூப்பிடுங்கள். அவர் வழக்கமாகப் போடும் ‘ஆர்ட்ஸ்’ கையெழுத்தைக் கீழே பத்து அங்குலத்துக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். தெருவில் அவரைத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சுவரைத் தொடுமுன் ஓரங்களைப் பாருங்கள். வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் இருந்தால் அது ஏற்கெனவே பிடித்துவைத்த சுவர். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் எழுதிவைத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பஞ்சாயத்துச் சுவர், பாலம், மின்கம்பம் எதுவும் வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

ஷட்டர் வேலை சுலபம். துருவைச் சுரண்டி, உலோகப் பிரைமர் ஒரு கை, மேலே எனாமல் மெல்லிசாக இரண்டு கை. முழுதாகக் காய இரண்டு நாள் விடுங்கள். அவசரப்பட்டுச் சுருட்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இறக்கும்போது பெயின்ட் உரிந்து வரும்.

போன தை மாதம் மண்டபத்தில் எங்கள் ஹோம்ஸ்டே சுவரில் ஸ்ப்ரே கேன் வைத்துப் பெரிய படம் போட்டோம். ஐப்பசி மழை முடிவதற்குள் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்து உதிர்ந்துவிட்டது. மஞ்சளும் ரோஸும் வெளிறிவிட்டன. மட்டமான பெயின்டா?
*- வாசகர், மண்டபம்*

பெயின்ட்டைக் குறை சொல்ல முடியாது. அடியிலிருந்து மூன்றடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது ஓதம் ஏறிய உயரம். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. பெயின்ட் படலத்துக்கு அடியில் அது படிகமாகி, படலத்தைத் தள்ளிவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டின் படலம் எமல்ஷனைவிட இறுக்கமானது. ஈரம் வெளியேற வழி இல்லாததால் கொப்புளம் சீக்கிரம் வரும். பூச்சில் கடல் மணல் கலந்திருந்தால் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிரைமர் தீர்வாகாது, அந்தப் பகுதிக் காரையைக் கொத்திவிட்டு ஆற்று மணலிலோ பூச்சு வேலைக்கான எம்-சாண்டிலோ பூச வேண்டும்.

மறுபடி செய்வதானால் வரிசை இது. உதிர்வதையெல்லாம் சுரண்டி எடுங்கள். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். நேரே தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். அதன் பிறகு ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் நல்ல தண்ணீரில். வீட்டு போர் தண்ணீர் உவராக இருந்தால் துடைத்த வேலை வீண். ஒரு வாரம் உலர விட்டு, ஒன்றரையடிக்கு ஒன்றரையடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

உலர்ந்த சுவருக்குக் காரத்தைத் தாங்கும் சிமென்ட் பிரைமர் ஒரு கை, அதன் மேல் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கை. புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் பொறுங்கள். பச்சைச் சிமென்ட்டின் காரம் எண்ணெய் சேர்ந்த பெயின்ட்டைப் பிசுபிசுப்பாக்கிக் கெடுத்துவிடும். அடி மூன்றடியைப் படத்தில் சேர்க்காதீர்கள். அங்கே சுண்ணாம்பு மட்டும் அடித்துவிட்டால் சுவர் மூச்சு விடும், வருடா வருடம் மறுபடி அடிப்பதும் செலவில்லை. ஈரச் சுவரின் மேல் பளபளக்கும் கிளியர் கோட் அடிக்கச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

அளவுக் கணக்கு: பத்தடிக்கு எட்டடிச் சுவர் 80 சதுர அடி. பின்னணியை ரோலரில் எமல்ஷன் அடிக்க இரண்டு லிட்டர் போதும். எழுத்துக்கும் நிழலுக்கும் 400 மி.லி. கேன் ஆறிலிருந்து எட்டு. மொத்தச் சுவரையும் கேனிலேயே நிரப்பினால் காசும் போகும், படலமும் தடிக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வண்டிக்கு டச்-அப் செய்கிற கேன். நீர்த்து இருக்கும், கொஞ்சம் நின்றாலே வழியும். கையை நிறுத்தாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று முறை போங்கள். நுணுக்கக் கோட்டுக்குக் கிட்டே பிடித்து வேகமாக இழுக்க வேண்டும். முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அடித்தால்தான் கேனின் முனை அடைக்காது. பைக் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள். 50 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வெடிக்கலாம்.

மஞ்சளும் ரோஸும் ஃப்ளோரசென்ட் வகையாக இருந்திருக்கும். அந்த நிறமிகள் வெயிலில் சில மாதம்கூடத் தாங்காது. செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு, வெள்ளை நிற்கும். காலமும் முக்கியம். மழைக்குப் பின் சுவர் உலர்ந்த தை கடைசி முதல் பங்குனி வரை நல்லது. வேலையைக் காலையிலேயே, கடல்காற்று கிளம்புமுன் முடித்துவிட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாதிப் பெயின்ட் பக்கத்து வீட்டுத் துணியில்தான் போய் உட்காரும்.

ராமேஸ்வரத்தில் ஒரு சுவரோவியத்தைப் போட்டோ எடுத்து டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா? தெருவில் இருப்பது பொதுச் சொத்துதானே?
*- வாசகர், பாம்பன்*

கூடாது. சுவர் தெருவில் இருக்கிறது, படத்தின் பதிப்புரிமை தெருவில் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைத் திரைப்படத்தில் சேர்க்க இடம் கொடுக்கிறது. சிலையை வரைவதற்கும் போட்டோ எடுப்பதற்கும்கூட விலக்கு உண்டு. ஓவியத்தைச் சட்டையில் அடித்து விற்பது அதில் வராது. மும்பைச் சுவரோவியம் ஒன்றை விளம்பரப் பலகையில் காட்டிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை, அதை அகற்றச் சொல்லி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

‘அனுமதியில்லாமல் வரைந்த படத்துக்கு ஏது உரிமை?’ என்ற வாதத்தையும் ஒரு பெரிய கம்பெனி முயன்று பார்த்தது. 2018இல் எச் அண்ட் எம் என்ற துணி நிறுவனம் தன் விளம்பரத்தில் ரெவோக் என்ற கலைஞரின் புரூக்ளின் சுவர்ப் படத்தைக் காட்டியது. அவர் எதிர்த்ததும், சட்டவிரோதமாக வரைந்ததற்குப் பதிப்புரிமை இல்லை என்று அறிவிக்கக் கேட்டு அந்த நிறுவனமே நீதிமன்றம் போனது. உலகெங்கும் தெருக் கலைஞர்கள் கொதித்தெழ, சில நாளில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. தெருப் பையன்களுக்குத் துணி விற்பவர் தெருக் கலைஞரையே நீதிமன்றத்துக்கு இழுத்தால் அந்தத் துணியை யார் வாங்குவார்கள்?

முப்பது வருடமாகப் படகுக்குப் பெயர் எழுதுகிறேன். ஒரு துணிக் கம்பெனி என் எழுத்து மாதிரியை வாங்கிச் சட்டையில் போடக் கேட்கிறது. ஒரே தொகையாகத் தருகிறார்களாம். எதைக் கவனிக்க வேண்டும்?
*- வாசகர், தங்கச்சிமடம்*

ஐயா, முதலில் கெட்ட செய்தி. ஒருவர் கேட்டுக்கொண்டபடி காசு வாங்கிக்கொண்டு ஓவியம் வரைந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை அதன் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். பிரிவு 17 அப்படித்தான் சொல்கிறது. அதனால் வேலை தொடங்குமுன் ‘பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும், கம்பெனிக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

அனுமதியில் எந்தப் பொருளுக்கு, எத்தனை உருப்படிக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளில் என்று நான்கும் வேண்டும். உரிமையையே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். ஒரே தொகை தவறில்லை. முதல் 500 சட்டைக்கு இவ்வளவு, அதற்கு மேல் சட்டைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சட்டையின் உள்கழுத்து லேபிளில் உங்கள் ‘ஆர்ட்ஸ்’ பெயரும் ஊரும் வர வேண்டும்.

எதை விற்றாலும், படைத்தவர் என்ற பெயரும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் பிரிவு 57இன் கீழ் உங்களிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றிப் பாழாக்கிய சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் செகலுக்கு 2005இல் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது இந்தப் பிரிவில்தான். இன்னொன்று, எழுதும் பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிக்கொடுத்த உருவத்துக்குத்தான் உண்டு. ஆகவே விலை பேசி முடிக்குமுன் மாதிரித் தாளை வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி உங்களைத் தேடும். கம்பெனி வேலைக்கு அந்த இரண்டு மாதத்தில் கெடு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கிராஃபிட்டி எழுத்தில் ‘பாம்பன்’ என்று பனியன் போட்டோம். யாருக்கும் படிக்க வரவில்லை. நான்கு துவையலில் அச்சும் வெடித்துவிட்டது.
*- வாசகர், உச்சிப்புளி*

ஆங்கில எழுத்தைப் பின்னி முறுக்கும் முறையை அப்படியே தமிழில் போட்டால் முதலில் சாவது புள்ளி. இரண்டு புள்ளிகளும் மறைந்தால் அது ‘பாமபன’. புள்ளியை எழுத்தின் தடிமன் அளவுக்குப் பெரிதாக்கி, தனி நிறத்தில் வையுங்கள். ன, ண இரண்டிலும் வளைவு எண்ணிக்கை மாறக்கூடாது. ‘பா’வின் துணைக்காலை அடுத்த எழுத்தோடு ஒட்டினால் ‘ர’வாகிவிடும். முறுக்குவதற்கு இடம் எழுத்தின் வால்களும் கொம்புகளும்தான். கணினி எழுத்துருவில் ‘வழியும் பெயின்ட்’ எஃபெக்ட் போட்டால் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி வழியும், பார்த்ததுமே போலி என்று தெரியும். பட்டை முனை மார்க்கரில் ஏ3 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குக் கொடுங்கள்.

அச்சு வெடித்ததற்குக் காரணம் சூடு போதாதது. பிளாஸ்டிசால் மை, அதாவது சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை, அடி வரைக்கும் 160 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பது கணக்கில்லை. ஆறியதும் துணியை இழுத்துப் பாருங்கள், விரிசல் விட்டால் மறுபடி சூடேற்றுங்கள். பட்டை எழுத்துக்கு 43டி அல்லது 55டி ஸ்கிரீன் வலை (எண் ஒரு செ.மீ.க்கு எத்தனை இழை என்பது) போதும். ஸ்ப்ரே போலத் தூவலான ஓரம் வேண்டுமென்றால் 77டி வலையில், அங்குலத்துக்கு 40 வரிசைப் புள்ளிகளாகப் பிரிக்கும் புள்ளித்திரை. நம் ஊர் வியர்வைக்கு மார்பு முழுக்கத் தடித்த பிளாஸ்டிசால் தாங்காது. வெளிர்த் துணியாக இருந்தால் தண்ணீர் சேர்த்த பிக்மென்ட் மைக்கு மாறுங்கள்.

கிராஃபிட்டியை விற்கத் தொடங்கினாலே அது செத்துவிட்டது என்கிறான் நண்பன். சரியா?
*- கல்லூரி மாணவர், தொண்டி*

கீத் ஹேரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலியாகக் கிடந்த விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் சாக்பீஸால் வரைந்தவர். 1986இல் அவரே பாப் ஷாப் என்று கடை திறந்து சட்டை விற்றபோது உங்கள் நண்பர் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்கள். தான் வரைந்த கோடுகளைத் தானே விற்றவர் அவர். 2001இல் லூயி வித்தோன் என்ற ஆடம்பரப் பை நிறுவனம் தன் பெயரையே வடிவமைப்பாளர் ஸ்டீபன் ஸ்ப்ரௌஸைக் கொண்டு பையின் மேல் கிறுக்கவைத்து விற்றது. இரண்டாவதை நாங்கள் நல்ல வியாபாரம் என்போம், கிராஃபிட்டி என்று சொல்ல மாட்டோம்.

தனுஷ்கோடி இடிபாடுகளில் எங்கள் பிராண்டின் போட்டோ ஷூட். சுவரில் பெயரை ஸ்ப்ரே செய்து எடுத்தால் தூள் கிளப்பும்!
*- வாசகர், ராமேஸ்வரம்*

செய்யாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் மாண்டவர்களின் ஊர் அது. பவளக்கல் சுவரில் ஏறிய ஸ்ப்ரேயைக் கல்லைச் சுரண்டாமல் எடுக்கவும் முடியாது. எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டு வாங்கி, பிரைமர் அடித்து எழுதி, சொந்த இடத்தில் மணலில் நட்டுப் படம் எடுங்கள். காற்றில் சாயாமல் இருக்கப் பின்னால் சவுக்குக் கம்பு முட்டு கொடுத்து, மணல் மூட்டை கட்டுங்கள். காலிக் கேன்களை எண்ணிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.