ஹெல்ப் டு பை வீடுகள்: வட்டி, விதிகள், விற்பனை – கேள்வி பதில்

இங்கிலாந்தில் புது வீடு வாங்குவோருக்கு அரசு பங்குக் கடன் கொடுத்த ஹெல்ப் டு பை திட்டம் 2013 ஏப்ரலில் தொடங்கி 2023 மார்ச்சில் முடிந்தது. ஏறத்தாழ 3,87,000 வீடுகள் இதில் விற்றன. வாசல் மூடிவிட்டாலும் உள்ளே இருப்பவர்களுக்கு இப்போதுதான் வட்டி, விற்பனை, ரிமார்ட்கேஜ் (வீட்டுக் கடனைப் புதிதாக மாற்றி எடுப்பது) என்று ஒவ்வொன்றாக வருகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஸ்விண்டன்): சார், சென்னையிலிருந்து வந்து மூணு வருஷம் ஆகுது. 5 சதவீதம் டெபாசிட் இருந்தா போதும், 20 சதவீதம் கவர்மெண்ட் கடன் கிடைக்கும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இப்ப அப்ளை பண்ணலாமா?

பதில்: இங்கிலாந்தில் முடியாது. 2022 அக்டோபர் 31 மாலை 6 மணியோடு விண்ணப்பம் நின்றுவிட்டது. உங்கள் ஆபீஸ் நண்பர் அதற்கு முன் வாங்கியவராக இருக்கும். வேல்ஸில் தனித் திட்டம் உண்டு: 3,00,000 பவுண்ட் வரையுள்ள புது வீட்டுக்கு 20 சதவீதம் வரை கடன், 2026 செப்டம்பர் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நீங்களே குடியிருக்க வேண்டும். வேலை ஸ்விண்டனில் என்றால் தினமும் செவர்ன் பாலம் தாண்டத் தயாரா என்று பாருங்கள். இல்லையென்றால் 40 வயதுக்குள் லைஃப்டைம் ஐசா கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 4,000 பவுண்ட் போட்டால் அரசு 1,000 சேர்க்கும். முதல் வீடாக, 4,50,000 பவுண்டுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். வேறு செலவுக்கு இடையில் எடுத்தால் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (ஹாரோ): அண்ணா, நாங்கள் 2019இல 4 லட்சம் பவுண்டுக்கு ஃபிளாட் வாங்கினனாங்கள். 40 வீதம் அரசாங்கக் கடன். இப்ப வட்டி தொடங்கீட்டுது. எடுத்த 1 லட்சத்து 60 ஆயிரத்தைத் திருப்பிக் கட்டினாச் சரிதானே?

பதில்: இல்லை தம்பி. பத்திரத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டது தொகையை அல்ல, லண்டனுக்கான அந்த 40 சதவீதத்தை. கட்டும் நாளில் ஃபிளாட் 4,50,000 போனால் 1,80,000 கொடுக்க வேண்டும். 3,50,000-க்கு இறங்கியிருந்தால் 1,40,000 போதும். நட்டத்திலும் அரசு பங்கெடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லண்டன் ஃபிளாட்டுகளின் விலை கடந்த சில ஆண்டுகளாக எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வேல்யுவேஷன் வரும்முன் பயப்பட வேண்டாம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், வட்டியை மட்டும் முதலில் எடுத்த தொகைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். முதல் ஐந்து ஆண்டு வட்டி இல்லை. பிறகு 1,60,000-க்கு 1.75 சதவீதம், ஆறாம் ஆண்டில் 2,800 பவுண்ட். மாதம் 233 சொச்சம். முதல் மாதத்திலிருந்தே போகும் 1 பவுண்ட் நிர்வாகக் கட்டணம் தனி. எத்தனை ஆண்டு வட்டி கட்டினாலும் அந்த 40 சதவீதம் அசையாது. ஆக, வட்டிக்கு ஒரு கணக்கு, அசலுக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): 2021 கடைசியில் வாங்கினேன். வட்டி ஒவ்வொரு ஏப்ரலும் சி.பி.ஐ. (நுகர்வோர் விலைக் குறியீடு) கூட்டல் 2 என்று ஏறுமாம். விலைவாசி 3 சதவீதம் என்றால் 1.75 போய் 6.75 ஆகிவிடுமா? தூக்கமே வரவில்லை.

பதில்: நன்றாகத் தூங்குங்கள். 3-ம் 2-ம் சேர்ந்த 5 சதவீதம், 1.75 என்ற விகிதத்தின் மேல் ஏறுகிறது, அதோடு கூட்டப்படுவதில்லை. 1.75 அடுத்த ஆண்டு 1.8375 ஆகும். 40,000 பவுண்ட் கடனுக்கு ஆண்டு வட்டி 700-லிருந்து 735 ஆகும், அவ்வளவுதான். 2021 ஏப்ரலுக்கு முந்தைய பழைய திட்டத்தில் வாங்கியவர்களுக்கு ஆர்.பி.ஐ. கூட்டல் 1. நம்மூர் ரிசர்வ் வங்கி இல்லை, இந்த நாட்டுச் சில்லறை விலைக் குறியீடு. விலைவாசி எகிறும் ஆண்டுகளில் பழைய திட்டக்காரர்களுக்குத்தான் கடி அதிகம்.

கேள்வி (ரெடிங்): 3,00,000 பவுண்ட் வீடு, 60,000 கடன். ஆறாம் வருடம் தொடங்குமுன் மார்ட்கேஜைக் கூட்டி இதை அடைத்துவிடு என்று மைத்துனர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மைத்துனர் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டு விலை மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அரசுக்கு ஆறாம் ஆண்டு வட்டி 1,050 பவுண்ட். அதே 60,000-ஐ 4.5 சதவீத மார்ட்கேஜில் எடுத்தால் முதல் ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 2,700. இதோடு நிறுத்தினால் கடனை அப்படியே விடுவதுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் வீடு ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால் அரசின் பங்கும் முதல் ஆண்டே 1,800 ஏறும். 1,050-ம் 1,800-ம் சேர்ந்து 2,850. கிட்டத்தட்ட சமம்தான். விலை அதைவிட வேகமாக ஏறும் பகுதியென்றால் அடைப்பது நல்லது. தேங்கி நிற்கும் பகுதியென்றால் அவசரம் வேண்டாம்.

என் கணிப்பில், சம்பளம் இறுக்கமாக இருப்பவர்கள் ஆறாம் ஆண்டைக் கண்டு பதறி மார்ட்கேஜை ஏற்றிக்கொள்வதுதான் பெரிய தவறு. கையில் சேமிப்பு இருந்தால் ஒரு பகுதியை மட்டும் அடைக்கலாம், ஸ்டெயர்கேசிங் என்பார்கள். நினைத்த தொகையைக் கட்ட முடியாது. அன்றைய மதிப்பில் ஒரு குறைந்தபட்ச சதவீதம் உண்டு, உங்கள் பத்திரத்தில் பாருங்கள். எதைச் செய்தாலும் முதலில் ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பைச் சேர்ந்த சர்வேயரின் மதிப்பீடு வேண்டும். எஸ்டேட் ஏஜெண்ட் இலவசமாக எழுதித் தருவது செல்லாது. மதிப்பீடு 3 மாதம்தான் தாங்கும். மார்ட்கேஜ் ஆஃபரும் சொலிசிட்டரும் தயாரான பிறகு சர்வேயரைக் கூப்பிட்டால் இரண்டு முறை காசு போகாது.

கேள்வி (குராய்டன்): 2022-ல் இந்தத் திட்டத்தில் வாங்கினேன். தஞ்சாவூரில் அப்பா வீடு இருக்கிறது. அப்பா 2018-ல் தவறிவிட்டார், உயில் இல்லை. பட்டா இன்னும் அவர் பெயரில்தான். 'எனக்கு வேறு வீடு இல்லை' என்று கையெழுத்துப் போட்டது சரிதானே?

பதில்: இது சிக்கலான இடம், மழுப்பாமல் சொல்கிறேன். 2021-க்குப் பிந்தைய திட்டம் முதல் வீடு வாங்குவோருக்கு மட்டும். பிரிட்டனிலோ வெளிநாட்டிலோ, இப்போதோ முன்போ, வீடோ குடியிருப்பு மனையோ இருந்திருக்கக் கூடாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. சொத்து யாருக்கு என்பதை அது முடிவு செய்யாது. நீங்கள் இந்துக் குடும்பமாக இருந்து, வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் இறந்த அன்றே அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு வந்துவிட்டது. அப்பாவின் தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் உண்டு. பத்திரம் எழுதாததால் பங்கு இல்லை என்றாகாது.

வேண்டுமென்றே மறைத்ததற்கும் தெரியாமல் கையெழுத்திட்டதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தவறான உறுதிமொழி என்று முடிவானால் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கலாம். ஊரில் ஒரு வக்கீலிடம் உங்கள் பங்கு என்ன என்று எழுத்தில் வாங்கி, இங்கே சொலிசிட்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன் அவசரமாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் போட்ட பத்திரம் 2022-ஐ மாற்றாது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): என்ர சிநேகிதிக்கும் 2022இல இதே சட்டத்தாலதான் மறுத்தவையோ? அவவுக்கு யாழ்ப்பாணத்தில சீதன வீடு இருக்கு. புருசன்ர பேரில மட்டும் போட்டிருக்கலாமே?

பதில்: அதே முதல் வீடு விதிதான், இந்திய வாரிசுரிமைச் சட்டம் அல்ல. சீதன வீடு அவருடைய சொந்தச் சொத்து. தம்பதி என்றால் கூட்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், இருவரும் தகுதி பெற வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கணவர் பெயரில் மட்டும் போட வழியில்லை.

கேள்வி (லெஸ்டர்): அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் திருச்சி போகிறேன். வீட்டை வாடகைக்கு விடலாமா?

பதில்: அனுமதியில்லாமல் கூடாது. படையில் இருப்பவர்களை வேறிடத்துக்கு அனுப்புவது போன்ற விதிவிலக்கான சூழலில்தான் தருவார்கள். கடன் கொடுத்த அரசு அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்திடமும் மார்ட்கேஜ் வங்கியிடமும் எழுத்தில் கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள். 'சொந்தக்காரப் பையன் சும்மா தங்குகிறான்' என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கேள்வி (வாட்ஃபோர்ட்): ரிமார்ட்கேஜ் செய்து 30,000 கூடுதலாக எடுத்து மாடியில் ஒரு அறை போடலாம் என்று நினைக்கிறோம்.

பதில்: இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அரசுக் கடன் இரண்டாம் அடமானம். முதல் அடமானத்தை நீங்கள் பெருக்கினால் அவர்கள் பாதுகாப்பு குறையும். கூடுதல் பணம் பங்குக் கடனை அடைக்கவே என்றால் ஒத்துக்கொள்வார்கள், வேறு செலவுக்கு என்றால் கடினம். அடைத்துவிட்டு அறை போடுங்கள்.

கேள்வி (லூட்டன்): மொத்தத்தில் இது பில்டர்களுக்கு அரசு அள்ளிக் கொடுத்த பணம்தானே?

பதில்: பாதி உண்மை. ஐந்தில் மூன்று பேர் இந்த உதவி இல்லாமலே ஏதோ ஒரு வீடு வாங்கியிருக்க முடியும் என்று 2019-ல் தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது. உதவி அதிகம் தேவைப்பட்ட பகுதிகளில் மானியத்தைவிட அதிகமாக விலையை ஏற்றிவிட்டது என்று 2022-ல் பிரபுக்கள் அவைக் குழு ஒன்று எழுதியது. மீதி ஐந்தில் இரண்டு பேரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

கேள்வி (கோவென்ட்ரி): வீட்டை விற்கப் போகிறோம். வாங்குபவர் மதிப்பீட்டைவிடக் குறைவாகக் கேட்கிறார்.

பதில்: சர்வேயர் மதிப்பு, விற்ற விலை, இரண்டில் எது அதிகமோ அதிலிருந்துதான் அரசுப் பங்கு. குறைத்து விற்றால் அந்த வித்தியாசம் உங்கள் பங்கிலிருந்து போகும், அதற்கும் முதலில் அனுமதி வேண்டும். விற்காமல் வீட்டிலேயே இருந்து கடனை மட்டும் அடைப்பவர்களுக்கு ஒன்று: பணம் போனதோடு வேலை முடியவில்லை. டி.எஸ்.1 படிவம் லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்குப் போய் அடமானப் பதிவு நீங்கியதா என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள். சில வாரம் கழித்து ஆன்லைனில் பதிவேட்டின் நகலை எடுத்து நீங்களே பார்த்துவிடுங்கள். செலவு சில பவுண்டுதான்.