பக்கவாசல் பூட்டு

கேள்வி: காணிக்கைப் பெட்டி இருமுறை திருடு போனதால், ஆராதனை நேரத்திலும் எங்கள் தமிழ்ச் சபையின் பக்கவாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறோம். சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. இது சரியா?
- வாசகி, மயூர் விகார், டெல்லி

பதில்: சரியில்லை, அம்மா. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அந்தச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். 1997 ஜூன் 13 அன்று நம் கிரீன் பார்க் உபஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். வெளியேற வழியில்லாமல் புகையில் மூச்சுத் திணறித்தான் பலர் போனார்கள். புகை சூழ்ந்து கரண்ட்டும் போய்விட்டால் உபதேசியார் சாவித் துவாரத்தை எங்கே தேடுவார்?

திருடன் வருவது வெளியிலிருந்து. பூட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் போதும். கடையில் 'பேனிக் பார்' என்று கேளுங்கள். கதவின் உட்புறம், இடுப்பு உயரத்தில் குறுக்கே ஓடும் தண்டு அது, அழுத்தினால் திறந்துவிடும். வெளிப்பக்கம் கைப்பிடியே வேண்டாம். நாங்கள் ஒரு ஆலயத்தில் பொருத்தியதும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி முழங்கையால் தள்ளிப் பார்த்தாள். திறந்துகொண்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். திறந்தால் ஒலிக்கும் பேட்டரி அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். காணிக்கையை அன்றன்றே எண்ணி எடுத்துவிடுங்கள். அப்புறம், அந்த வாசலுக்கு வெளியே செருப்புக் குவியலும் பைக்கும் நிற்கவே கூடாது.